துடக்குப் பட்ட கோழி

எவராவது வந்து, "எங்கடை கோழி அடைக்குப் படுத்திட்டுது" என்று சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. "கிட்டப் போனால் கத்துதோ? கையைக் கொத்துதோ?" என்று கேட்பேன். "வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்குதோ?" என்றும் கேட்பேன். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எத்தனையோ வருடமாகக் கோழி வளர்க்கிறவள் நான். இந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று தெரிந்துகொண்டது, பதின்மூன்று வயதில் ஒரு அறைக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களில்தான்.

அது உலக யுத்தக் காலம். எங்கள் வீடு திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் இருந்தது. அப்பாவுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. ஒருமுறை விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. அப்பாவை வேலையிலிருந்து விடமாட்டார்கள் என்பதால் நாங்கள் அங்கேயே இருந்தோம். வளவின் பின்பக்கம் அப்பா ஒரு குழி வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி மண் போட்டு மூடியிருந்தார். அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் அதற்குள் ஓடவேண்டும். ஊதாத நேரங்களில் கோழிகள் அதற்குள் போய் மண் குளிக்கும்.

நான்கு பேடுகளும் ஒரு சேவலும் இருந்தன. அவற்றுக்குத் தீன் போடுவது, கூட்டைத் திறப்பது, முட்டை எடுப்பது எல்லாம் என் வேலை. வேலை என்று சொன்னாலும் அதை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவற்றில் கபில நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பேடு ஒன்று என்னுடையது. குஞ்சாக இருந்தபோது பருந்தின் காலிலிருந்து தப்பி விழுந்ததை நான்தான் மடியில் வைத்துத் தேற்றினேன். குண்டுச் சத்தத்துக்குப் பிறகு மற்ற மூன்றும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. புள்ளிப் பேடு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல இட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதில் ஒரே பெருமை.

இந்த நிலையில்தான் நான் பெரிய பிள்ளையானேன். இறக்கக்கண்டியிலிருந்து என் தாய்மாமனின் மனைவி, என் மாமி, அடுத்த நாளே வந்து இறங்கினார். கையில் ஒரு போத்தல் நல்லெண்ணெய், இடுப்பில் பாக்குவெட்டி, வாயில் உத்தரவு. அம்மா சாதுவான மனுஷி. மாமி வந்த நிமிடத்திலிருந்து வீடு மாமியின் கைக்குப் போய்விட்டது. என்னை நடு அறையில் ஒரு பாயில் இருத்தினார். ஒரு மூலையில் வேப்பிலை, பக்கத்தில் பேய் அண்டாமல் ஒரு இரும்புத் துண்டு. எனக்கென்று தனிக் கோப்பை, தனிச் செம்பு. துடக்கு என்கிற தீட்டுக் கழியும்வரை, அதாவது தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள்வரை, நான் வெளியே வரக்கூடாது. பூக்கன்றைத் தொடக்கூடாது, கோழி குஞ்சைத் தொடக்கூடாது, ஆம்பிளை முகத்தில் முழிக்கக்கூடாது. அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறாந்தையில் சாப்பிட்டார். யன்னலடியில் வந்து நின்ற சேவலைக்கூட மாமி, "போ அங்காலை! உனக்கு இஞ்சை என்ன வேலை?" என்று துரத்தினார்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது காலை மருந்து. விடிந்ததும் மாமி ஒரு முட்டையின் அகன்ற பக்கத்தைத் தட்டி, ஓட்டில் ஓட்டை போட்டு, பச்சையாக அப்படியே என் வாய்க்குள் ஊற்றுவார். பிறகு அதே ஓடு நிறைய நல்லெண்ணெய் வார்த்து அதையும் ஊற்றுவார். முட்டை எவ்வளவோ எண்ணெய் அவ்வளவு, அதுதான் அளவு. இடுப்புக்குப் பலமாம். எனக்கு அந்த இடுப்பே வேண்டாம் என்றிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மாமியை மனதுக்குள் திட்டிக்கொண்டு விழுங்குவேன்.

அம்மா உமிக்குள் சேர்த்து வைத்திருந்த முட்டைகள் மூன்று நாளில் முடிந்துவிட்டன. கடையில் முட்டை கண்ணிலும் படாது. கிராமங்களிலிருந்து வருகிற முட்டையெல்லாம் லொறியில் ஏறிப் பட்டாள முகாம்களுக்குப் போய்விடும். ஆகவே என் இடுப்புப் பலம் முழுவதும் புள்ளிப் பேட்டின் பொறுப்பாகிவிட்டது. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அது தவறாமல் இட்டது. ஆறாம் நாள் காலை மாமி வெறுங்கையோடு வந்து, "உன்ரை கோழி பெட்டிக்குள்ளை ஏறிப் படுத்திருக்கு, இறங்குதில்லை. அடைக்குப் படுத்திட்டுது" என்றார்.

யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். குசினிச் சுவரோரம் இருந்த பெட்டிக்குள் அது கிடந்தது. அடைக்கோழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தட்டையாகப் பரப்பிக்கொண்டு படுத்து, கிட்டப் போகிறவர்களை எல்லாம் தூஷணம் பேசுவதுபோலக் கேறும். இது கேறவில்லை. எழும்பிற்று, முக்கிற்று, திரும்பவும் படுத்தது. வால் கீழே தொங்கியது. கண்ணை மூடி மூடித் திறந்தது. முந்தின வருடம் ஒரு வெள்ளைப் பேடு இப்படித்தான் இரண்டு நாள் நின்று செத்துப்போனது. அம்மா அதை அறுத்துப் பார்த்தபோது முழு முட்டை ஒன்று வெளியே வர வழியில்லாமல் உள்ளே இறுகிக் கிடந்தது. அதை நான் மறக்கவில்லை.

மறக்கவில்லை, ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. கோழி முட்டையிடாவிட்டால் எனக்கு மருந்து இல்லை. ஓடு இல்லாமல் எண்ணெயை எதால் அளப்பது என்று மாமி யோசித்துக்கொண்டு நின்றது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள்தானே, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று பின்னேரம் மாமி அடை தெளிய வைக்கும் வேலையைத் தொடங்கினார். கிணற்றடித் தொட்டியில் இருந்த குளிர்ந்த தண்ணீரில் கோழியை மூன்று தரம் முக்கி எடுத்தார். அடுத்த நாள் காலையிலும் அப்படியே முக்கினார். பிறகு அதன் செட்டையிலிருந்தே ஒரு இறகைப் பிடுங்கி, மூக்குத் துவாரத்துக்குள் குறுக்காகச் செருகிவிட்டார். அந்த இறகைத் தட்டிவிடப் பார்த்து நாள் முழுக்க அலைந்து, கோழி அடையை மறந்துவிடும் என்பது கணக்கு. அடைக்கோழிக்கு ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். அடைக்கோழிக்கு அது பலிக்கும். ஆனால் உள்ளே முட்டை இறுகிக் கிடக்கிற கோழிக்கு வேண்டியது சூடு. புள்ளிப் பேடு நனைந்து, மூக்கில் இறகோடு, நடுங்கிக்கொண்டு நின்றது. தட்டிவிடக்கூட அது முயலவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. யன்னலைத் திறந்து கத்தினேன்.

"மாமி! அதுக்கு அடை இல்லை. அடைச்சுப் போச்சு!"

"ஓம் பிள்ளை, அடைதான். அதுக்குத்தானே மருந்து செய்யிறன்."

"அடை இல்லை மாமி, அடைச்சுப் போச்சு!"

"அதைத்தானே நானும் சொல்லுறன், அடை எண்டு. யன்னலைச் சாத்து, தெருவாலை ஆக்கள் போகினம்."

அடைக்கும் அடைப்புக்கும் நடுவில் என் கோழி நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அம்மா கையைப் பிசைந்தார். "மாமிக்குத் தெரியாதே பிள்ளை? எத்தினை கோழி கண்டவ" என்றார். கடைசியில் மாமி என் அறை வாசலில் வந்து நின்று, சமாதானமாகவே சொன்னார்.

"நாளைக்கு விடியவும் அடை தெளியாட்டி அதை அறுத்து, சரக்குத் தூள் போட்டுப் பத்தியக் கறி வைச்சுத் தாறன். முட்டையைவிட அது உனக்கு நல்லது."

எனக்காகவே என் கோழியை அறுக்கப் போகிறார். அதுவும் அன்பால். அந்த அன்போடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது? பாயில் குப்புறப் படுத்து அழுதேன். மத்தியானம் எனக்கென்று கிண்டித் தந்த உழுத்தங்களியும் சாப்பிடவில்லை.

சாப்பாடு முடிந்து வீடு அடங்கியிருந்த நேரத்தில் சங்கு ஊதியது. அன்று அப்பாவும் வீட்டில் இருந்தார். அம்மா ஓடிவந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை என் தலையில் போர்த்து, "குனிஞ்சு ஓடு, நிலத்தைப் பார்த்து ஓடு" என்றார். அம்மாவின் கக்கத்தில் காணி உறுதிப் பத்திரங்கள் இருந்த பெட்டி. மாமி ஒரு கையில் பாக்குவெட்டியை எனக்குக் காவலாகப் பிடித்திருந்தார். மற்றக் கையில் நல்லெண்ணெய்ப் போத்தல். குண்டு விழுந்தாலும் அந்தப் போத்தல் உடையக்கூடாது என்பது அவர் கொள்கை.

குழிக்குப் போகிற வழியில்தான் முருங்கை மரம். அதன் கீழே கோழியைக் கூடையால் கவிழ்த்து மூடியிருந்தார்கள். நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். காலால் கூடையைத் தட்டினேன், குனிந்தேன், கோழியை அள்ளி விரிப்புக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். அது பாரமாகவும் ஈரமாகவும் இருந்தது. ஒரு சத்தமும் போடவில்லை.

குழிக்குள் அப்பா ஏற்கனவே மறு அந்தத்தில் குந்தியிருந்தார். நான் வருவது கேட்டதும் முகத்தை மண்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு இந்தப் பக்கம் அம்மா, பிறகு மாமி, பிறகு நான். கொஞ்ச நேரம் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். விமானச் சத்தம் ஒன்றும் இல்லை. என் விரிப்பு அசைந்தது.

"என்னடி அது அசையுது?" என்றார் மாமி.

"கோழி."

"எந்தக் கோழி?"

"நீங்கள் தண்ணியிலை முக்கின கோழி."

"எடி பிள்ளை, துடக்கோடை கோழியைத் தொட்டனியோ?"

"தொட்டனான்" என்றேன். அந்த நிமிடம்தான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. "நான் தொட்ட கோழியை இனிச் சமைக்க ஏலாது, மாமி. அதுக்கும் துடக்குப் பட்டிட்டுது."

மண்சுவரைப் பார்த்தபடியே அப்பா தொண்டையைச் செருமினார். "அக்கா, பிள்ளை சொல்லுறது முறைப்படி சரிதானே" என்றார். அவர் தோள் குலுங்கியது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவருடைய சட்டத்தாலேயே அவரை நான் கட்டிப்போட்டுவிட்டேன் என்று மாமிக்கு விளங்கியது. கோபத்தில் முகம் சிவந்தது. அந்தக் கோபம் வெடிப்பதற்குள் நான் அவர் கையைப் பிடித்தேன்.

"நீங்களும் என்னைத் தொட்டிட்டியள், இனி என்ன. கோழியின்ரை காலுக்கு நடுவிலை கையை வைச்சுப் பாருங்கோ."

மாமி வைத்துப் பார்த்தார். விரல்கள் அங்கேயே நின்றன. மெதுவாக இன்னொருமுறை தடவினார். அவருடைய குரல் மாறிவிட்டது.

"ஐயோ, இது அடை இல்லையடி. முட்டையெல்லோ அடைச்சுக்கொண்டு கிடக்கு!"

"அதைத்தானே காலைமை தொடக்கம் கத்துறன்!"

"நீ அடை அடை எண்டாய், நானும் அடை எண்டன். வடிவாச் சொன்னால் என்ன?" என்று என்னையே ஏசினார். ஏசிக்கொண்டே இறகை மூக்கிலிருந்து மெல்ல உருவி எறிந்தார், தன் சேலையால் கோழியின் ஈரத்தைத் துடைத்தார். பல்லால் போத்தல் மூடியைக் கடித்து இழுத்தார். இந்த மனுஷியை இத்தனை நாளும் திட்டினேனே என்று எனக்கு இருந்தது.

அபாயம் நீங்கிய சங்கு ஊதியதும் மாமிதான் முதலில் ஏறினார். அன்று ஒன்றும் வரவில்லை. ஒத்திகைக்காக ஊதியதாகப் பிறகு சொன்னார்கள். என் அறைக்குள் ஒரு அகன்ற தாச்சிச் சட்டி வந்தது. அம்மா சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, மாமி முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். கோழியின் பின்பாதி தண்ணீரில் இருக்கும்படி நான் பிடிக்கவேண்டும். "துடக்குக் கிடக்கட்டும், பிடி. அது உன்ரை கையிலைதான் பதறாமல் இருக்குது" என்றார். தண்ணீர் ஆற ஆற அம்மா மாற்றி ஊற்றினார். மாமி ஐந்தாம் நாள் முட்டை ஓட்டைக் குப்பைக்குள் தேடி எடுத்து, அதற்குள் எண்ணெய் வார்த்து, விளக்கில் சாடையாகச் சூடுகாட்டி, சின்ன விரலால் தொட்டுத் தொட்டு முட்டை வருகிற வழியில் தடவினார்.

கன நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "உள்ளுக்கையே உடைச்சு எடுத்தால் என்ன, மச்சாள்?" என்று அம்மா கேட்டார். "உடைஞ்சால் ஓடு உள்ளுக்கைக் கிழிச்சுப்போடும். பேந்து கோழி இல்லை. பொறு" என்றார் மாமி. கோழியின் தலை என் மணிக்கட்டில் சாய்ந்து கிடந்தது. சாகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. அப்படியே உண்மையும் வந்துவிட்டது.

"மாமி, எனக்கு நேற்றே தெரியும். முட்டை குடிக்க வேண்டாம் எண்டுதான் சொல்லாமல் இருந்தனான்."

மாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலை எண்ணெயில் தோய்த்தார்.

"எனக்கும் பிடியாதுதான் பிள்ளை. என்ரை அம்மா அங்காலை திரும்ப, நான் எண்ணெயை வேப்பிலைக்கு மேலை துப்பினனான். கோழியைப் பார்."

கோழி ஒருமுறை உடம்பு முழுவதும் இறுக முக்கியது. மாமி அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, தள்ளாமல், தாங்கி மட்டும் பிடித்தார். வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது, உள்ளே போனது, பிறகும் தெரிந்தது. மூன்றாம் தரம் தாச்சிக்குள் டொக்கென்று விழுந்தது. தாராமுட்டையைவிடப் பெரிது. ஓடு சொரசொரவென்று, இரத்தக் கீறு ஒன்றோடு. கோழி என் கைக்குள் அப்படியே துவண்டது. கொஞ்சம் பொறுத்து ஒரு கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துக் கேறியது. அவ்வளவு இனிமையான ஏச்சை நான் பிறகு கேட்டதில்லை.

இறங்கிய வழி சிவந்து வீங்கியிருந்தது. மாமி அதற்கு மஞ்சளும் எண்ணெயும் பூசினார். பிறகு முட்டையைக் கழுவித் துடைத்து, கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. மாமி அகன்ற பக்கத்தைத் தட்டினார். உள்ளே இரண்டு மஞ்சட்கரு. நான் மூக்கைப் பொத்தவில்லை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின. பிறகு அந்தப் பெரிய ஓடு நிறைய எண்ணெய் வந்தது. அளவு அளவுதானே. நான் பாதி குடித்ததும் மாமி ஓட்டை என் வாயிலிருந்து எடுத்து, "மிச்சம் அதுக்குப் பூச வேணும்" என்றார்.

கோழியைத் திரும்பக் கூட்டில் விடமுடியாது என்பதும் மாமியின் தீர்ப்புத்தான். துடக்குப் பட்டது மற்றக் கோழிகளோடு சேரக்கூடாதாம். "ரெண்டு பேருக்கும் ஒரே துடக்குத்தான். ஒண்டா இருங்கோ" என்று ஒரு பனையோலைக் கடகத்தில் சாக்கைப் போட்டுக் கோழியை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதற்கும் ஒரு வேப்பிலைக் கொத்து. மிச்ச நாட்கள் எனக்குத் தனிமையே தெரியவில்லை. நான் கொடுத்த களியை அது தின்றது. அது எச்சம் போட்ட இடத்தை நான் துடைத்தேன்.

ஏன் அப்படி அடைத்தது என்பதையும் மாமிதான் கண்டுபிடித்தார். "தீனோடை சிப்பி இடிச்சுப் போடுறனீங்களோ?" என்று கேட்டார். முந்தி நான் கடற்கரையில் பொறுக்கி வந்து இடித்துப் போடுவேன். கரை முழுவதும் முள்ளுக்கம்பி அடித்து, ஆட்களை விடாமல் செய்த பிறகு அது நின்றுபோனது. அப்பா கொண்டுவருகிற உடைந்த கப்பல் பிஸ்கட்டைத்தான் நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அதன் பிறகு இறக்கக்கண்டியிலிருந்து யார் வந்தாலும் மாமி ஒரு பொட்டலம் இடித்த சிப்பி கொடுத்தனுப்புவார். புள்ளிப் பேடு இரண்டு கிழமை ஓய்ந்திருந்து திரும்பவும் இடத் தொடங்கியது. முன்னைப்போல நாள் தவறாமல் இல்லை. சின்ன முட்டைகள், அதன் இஷ்டத்துக்கு.

எனக்குத் தண்ணீர் வார்த்தது ஒன்பதாம் நாள் காலை. சனம் இல்லாத தெருவில் சடங்கும் பெரிதாக இல்லை. கிணற்றடியில் ஒரு பலகை, பாலும் அறுகம்புல்லும், பூட்டாமல் கிடந்த வீடுகளிலிருந்து வந்த நாலைந்து பெண்கள். மாமி செம்பு செம்பாக என் தலையில் ஊற்றினார். குளிரில் பல் அடித்தது. ஊற்றி முடித்து அம்மா துவாயைக் கொண்டுவரும்போது மாமி கையைக் காட்டி நிற்பாட்டினார். வாளியில் இன்னும் ஒரு செம்பு இருந்தது.

"ஆள் இன்னொண்டு கிடக்கெல்லோ. தண்ணி வாக்காமல் அதை எப்பிடிக் கூட்டுக்குள்ளை விடுறது?" என்றார்.

அம்மா உள்ளே போய்க் கடகத்தோடு கோழியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. செம்பைத் தூக்கியவர், ஏதோ நினைத்து, கையை விட்டுத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "பச்சைத் தண்ணி வேண்டாம், மச்சாள். குசினியிலை கேத்திலிலை சுடுதண்ணி கிடக்கும், கொண்டு வந்து கலவுங்கோ" என்றார்.